கூத்துக்கு அடித்த தப்பும் பெரட்டுக்கு அடித்த தப்பும்

(ஹட்டனில், காமன் கூத்து முடிந்த பங்குனி மாதத்தில், வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சிறிது திருத்தப்பட்டது.)



இந்தக் கூட்டத்தில் வழக்கமாகக் கவிதை, சிறுகதை என்று தலைப்புக் கொடுப்பார்கள். இந்த முறை நானே கேட்டு வாங்கிய தலைப்பு, ‘வருஷக் கணக்காக ஓடும் இணைய விளையாட்டு: ஆடலாமா, வேண்டாமா?’ ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு இது எதற்கு என்று சிலர் முகத்தில் தெரிகிறது. காரணம் என் மருமகன்.

அக்கா மகன். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில், லயத்தில் இருக்கிறான். ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறான். மாசி மாதம் அங்கே போயிருந்தேன். ராத்திரி பதினொரு மணி. சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் தண்ணித் தொட்டி மேடு. அங்கே கம்பளியைப் போர்த்திக்கொண்டு போனும் கையுமாக இருந்தான்.

“என்னடா செய்ற?”

“மரம் வெட்டுறேன் மாமா.”

அவனுடைய தாத்தா அதே மேட்டில் டர்பன்டைன் மரம் வெட்டியவர். அவருக்கு அதற்கு ஒரு நாள் வேலையென்று பேர் போட்டார்கள், சம்பளம் வந்தது. பேரன் ரீலோட் போட்டு, காசு கொடுத்து மரம் வெட்டுகிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. “மாமா, மூணு வருஷமா ஆடுறேன். விடவும் முடியல, முழுசாப் பிடிக்கவும் இல்ல. இது ஆடுறதுக்குத் தகுந்ததுதானா? நீங்களே ஆடிப் பாத்துட்டுச் சொல்லுங்க” என்றான்.

கேட்டது நியாயமான கேள்வி. ஆடாமல் தீர்ப்புச் சொல்வது அழகில்லை. அன்று மூன்றாம் பிறை. கீழே பொட்டலில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றியிருந்தார்கள். பௌர்ணமி வரைக்கும் ஆடிப் பார்க்கிறேன் என்று அவனிடம் தவணை வாங்கிக்கொண்டேன்.

அவன் ஆடுவது ‘ரூன்ஸ்கேப்’. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ஜாகெக்ஸ் நிறுவனத்தினுடையது. 2001 ஜனவரியில் தொடங்கியது. கால் நூற்றாண்டாக ஓடுகிறது. அதன் பழைய வடிவம் வேண்டுமென்று ஆடுகிறவர்கள் கேட்டதால், 2007 இல் சேமித்து வைத்திருந்த பிரதியை எடுத்து 2013 இல் தனி விளையாட்டாகவே மறுபடி திறந்தார்கள். 2018 இலிருந்து அது போனிலும் வருகிறது. நம் பிள்ளைகளுக்கு எட்டியது அப்படித்தான்.

பலர் ஒன்றாகச் சேர்ந்து ஆடும் இந்த வகை விளையாட்டுக்கு வயசு அதிகம். 1978 இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரு மாணவர்கள் படமே இல்லாமல் வெறும் எழுத்தால் செய்த ‘மட்’ இதற்குப் பாட்டன். 1997 இல் ‘அல்டிமா ஆன்லைன்’, 1999 இல் ‘எவர்குவெஸ்ட்’, 2004 நவம்பரில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’. இந்தக் கடைசி விளையாட்டுக்கு 2010 இல் உலகம் முழுவதும் 1 கோடியே 20 லட்சம் பேர் சந்தா கட்டினார்கள். நம் நாட்டு சனத்தொகையில் பாதிக்கும் மேல். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். நீங்கள் ஒரு வேஷம் கட்டுகிறீர்கள். அந்த வேஷத்துக்கு ஒரு பெயர், ஒரு தொழில், ஒரு பலம். போனை மூடினாலும் அந்த உலகம் மூடாது. நாளைக்குப் போனால் அதே இடத்தில் அதே வேஷம் நிற்கும்.

நான் ஆடியதையும் சொல்லிவிடுகிறேன். புதுசாகப் போகிறவனை முதலில் ஒரு தீவில் இறக்கி வேலை பழக்குகிறார்கள். இறால் பிடி, மரம் வெட்டு, நெருப்பு மூட்டு, பிடித்த இறாலைச் சுடு. முதல் தடவை கருக்கிவிட்டேன். மருமகன், “எல்லாருக்கும் கருகும் மாமா” என்றான். அதற்குப் பிறகு முன்பின் தெரியாத யாரோ ஒருவர் வந்து ஒரு வாளைக் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். ரெண்டு நாள் அவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி வழக்குக்கு வருவோம். நம் ஆட்கள் புறப்பட்டு வந்த திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டைச் சீமையில் காமன் பண்டிகைக்கு லாவணி பாடுவார்கள். தஞ்சையை ஆண்ட மராட்டியரோடு வந்த பாட்டு. டேப்பும் துந்தினாவும் வைத்துக்கொண்டு ரெண்டு கட்சி உட்காரும். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தபோது மன்மதன் எரிந்தான் என்பது எரிந்த கட்சி. எரியவில்லை என்பது எரியாத கட்சி. விடிய விடிய வாதம் நடக்கும். நம் வழக்கையும் அப்படியே வைக்கலாம். இங்கே எரிந்ததா எரியவில்லையா என்று கேட்பது மன்மதனை அல்ல, மருமகனுடைய மூன்று வருஷத்தை.

எரிந்த கட்சி முதலில்.

அந்த விளையாட்டில் மரம் வெட்டுவது, மீன் பிடிப்பது, சுரங்கம் தோண்டுவது என்று இருபதுக்கு மேல் தொழில். ஒவ்வொன்றிலும் 99 படி. 99 ஆவது படிக்கு 1,30,34,431 புள்ளி வேண்டும். மருமகன் 92 ஆவது படியில் நின்றான். கிட்ட வந்துவிட்டாயே என்றேன். “இல்ல மாமா, 92 தான் பாதி” என்றான். கணக்குப் பார்த்தேன், உண்மை. 92 க்கு 65 லட்சம் சொச்சம். அதுவரை பட்ட பாடு அத்தனையையும் கடைசி ஏழு படிக்கு இன்னொரு தடவை பட வேண்டும். கொழுந்து மலையில் நின்றவர்களுக்கு இது புதிதா? நாள் கணக்குக் கிலோ நிறைந்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். இந்த வகை விளையாட்டுகள் பலவற்றில் ‘இன்றைய வேலை’ என்று ஒன்று காலையில் காத்திருக்கும். வராதவனுக்கு அன்றைய பரிசு போச்சு. அதற்குப் பெயர் விளையாட்டா, காலையில் ஆள் கூட்டிப் பேர் போடும் பெரட்டா?

அடுத்தது கடன். இங்கே பெரியவர்கள் ‘துண்டு’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கங்காணியிடம் பட்ட கடன் எவ்வளவு என்று துரை எழுதிக் கொடுக்கிற சீட்டு. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், போகிற தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்க வேண்டும். புதுத் தோட்டத்தில் கடன் இன்னும் கூடும். அந்த முறை 1921 இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால், “மூணு வருஷம் போட்டுட்டேன், இப்ப எப்பிடி விடுறது?” என்று மருமகன் சொன்னபோது எனக்குத் துண்டுதான் ஞாபகம் வந்தது. எழுதிக் கொடுக்கத் துரை இல்லை. தன் கடன் சீட்டைத் தானே எழுதி மடியில் வைத்திருக்கிறான்.

மூன்றாவது, நோய். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனத்தையும் ஒரு கோளாறாகச் சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் மணிக்கணக்குக் கிடையாது. ஆட்டம் கைமீறிப் போவது, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஆட்டம் வந்து நிற்பது, கெடுதி வந்தும் விட முடியாமல் தொடர்வது என்று மூன்று அடையாளம் சொல்கிறார்கள். இவை பொதுவாக ஒரு வருஷமாவது நீடித்து, படிப்பையோ வேலையையோ குடும்பத்தையோ கெடுத்திருக்க வேண்டும். பிள்ளை ரெண்டு மணி நேரம் போனைப் பார்த்ததுமே நோயாளி என்று கத்துகிற அப்பாமார் இதைக் கவனிக்க வேண்டும். மூன்று அடையாளமும் இருந்தும் ‘சும்மா விளையாட்டுத்தானே’ என்கிற பிள்ளைகளும் கவனிக்க வேண்டும்.

நான்காவது, நிலம் யாருடையது? 2003 இல் தொடங்கிய ‘ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்’ 2011 டிசம்பர் 15 அன்று மூடப்பட்டது. ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ 2012 நவம்பர் 30 அன்று மூடப்பட்டது. ஆடியவர்கள் அங்கே வீடு கட்டியிருந்தார்கள், சங்கம் வைத்திருந்தார்கள். கம்பெனி விளக்கை அணைத்ததும் எல்லாம் போயிற்று. இதை ஹட்டனில் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பிறந்து, வளர்ந்து, செத்துப் புதைத்த மண்ணில் காணிப் பத்திரம் இல்லாமல் இருநூறு வருஷம் இருந்தவர்கள் நாம். அடுத்தவன் நிலத்தில் கட்டிய லயத்துக்கு என்ன உறுதி என்று நமக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

எரிந்த கட்சி உட்காரட்டும். எரியாத கட்சி எழும்பட்டும்.

அவர்களுடைய முதல் சாட்சி நோர்வேக்காரர். மாட்ஸ் ஸ்டீன் என்று பெயர். தசைகள் தேய்ந்துகொண்டே போகும் பிறவி நோய். 2014 இல் 25 வயதில் இறந்தார். கடைசி வருஷங்களில் பெரும்பொழுது ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆடியே கழிந்தது. பெற்றோர், மகன் நண்பன் என்று ஒருவனும் இல்லாமல், காதல் இல்லாமல், யாருக்கும் பயன்படாமல் போய்விட்டானே என்று அழுதார்கள். மரணச் செய்தியை இணையத்தில் போட்டதும் கடிதங்கள் வரத் தொடங்கின. அந்த உலகத்தில் ‘இபெலின்’ என்ற பெயரில் நடமாடியவர் பலருக்குத் துணையாக இருந்திருக்கிறார், வீட்டுப் பிணக்கைத் தீர்க்க வழி சொல்லியிருக்கிறார். அவருடைய ‘ஸ்டார்லைட்’ குழுவிலிருந்து சிலர் வெவ்வேறு நாடுகளிலிருந்து அடக்கத்துக்கே வந்து நின்றார்கள். 2024 இல் அவரைப் பற்றி ஆவணப்படம் வந்து உலகமே பார்த்தது. எழுந்து நடக்க முடியாதவருக்கு ஓடுகிற வேஷம் கிடைத்தது. அந்த வருஷங்கள் எரிந்துபோயின என்று யார் சொல்வது?

ரெண்டாவது சாட்சி ஒரு தொற்று. 2005 செப்டெம்பரில் அதே விளையாட்டில், ஒரு தனிப்பகுதிக்குள் அடங்கியிருக்க வேண்டிய ‘கறைபட்ட இரத்தம்’ என்ற சாபம் நிரல் பிழையால் வெளியே வந்து நகரங்களில் பரவியது. சிலர் ஊரை விட்டு ஓடினார்கள், சிலர் மருத்துவம் பார்க்க நின்றார்கள், சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். எரிக் லாஃப்கிரன், நினா ஃபெஃபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் அதை வைத்து 2007 இல் ‘லான்செட்’ குழுமத்தின் தொற்றுநோய் இதழில் கட்டுரை எழுதினார்கள். வேஷத்தில் இருக்கிறபோதும் மனிதர் மனிதராகவே நடக்கிறார்கள் என்பதுதான் அதன் சாரம். முதுகோடு முதுகு ஒட்டிய லயக் காம்பிராக்களில் கொரோனாக் காலத்தைக் கழித்த நமக்கு அந்த மூன்று வகை மனிதரையும் தெரியும்.

மூன்றாவது சாட்சியை ரெண்டு கட்சியும் கூப்பிடும். வெனிசுவேலா நாட்டில் காசுக்கு மதிப்பில்லாமல் போனபோது, 2017 ஐ ஒட்டிய வருஷங்களில், பலர் ரூன்ஸ்கேப்பில் பச்சை டிராகன்களைக் கொன்று, எலும்பும் தோலும் சேர்த்து, அதில் கிடைத்த விளையாட்டுத் தங்கத்தை வெளிநாட்டாருக்கு டொலருக்கு விற்றார்கள். விளையாட்டின் விதிப்படி அது குற்றம். அதில் அடுப்பு எரிந்ததும் உண்மை. எரியாத கட்சி, ‘பாருங்கள், சோறு போட்டது’ என்று சொல்லும். எரிந்த கட்சி, ‘பணக்கார நாட்டான் பொழுதுபோக்க ஏழை நாட்டான் இங்கேயும் கூலியா?’ என்று கேட்கும். தேயிலைக் கோப்பையின் ரெண்டு பக்கமும் தெரிந்த நமக்கு ரெண்டு பேச்சும் காதில் விழும்.

லாவணியில் யாரும் முழுசாக ஜெயிப்பதில்லை. என் மருமகன் கேட்டது லாவணி இல்லை, முடிவு. ஆகவே நான் அறிந்த இன்னொரு வேஷ ஆட்டத்தை அளவுகோலாக எடுத்தேன்.

எனக்கு அப்போது இருபது வயசு. எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் எனக்கு ரதி வேஷம். அம்மா நேர்ந்துகொண்டது. ஆண்தான் ரதியும் ஆடுவது. காப்புக் கட்டி, விரதம் இருந்து, கிட்டத்தட்ட ரெண்டு வாரம். மதனோடு கல்யாணம் ஆகி, லயம் லயமாகப் போய் ஆடி, ஆரத்தி வாங்கி, தகன ராத்திரியில் அவன் எரிந்ததும் ஒப்பாரி வைத்தேன். பொட்டலில் இருந்த பெண்கள் எல்லாம் என்னோடு அழுதார்கள். அவரவர் செத்தவருக்கு அழுதார்கள் என்று பிறகுதான் புரிந்தது. அதுவும் நீண்ட ஆட்டம், அதுவும் வேஷம், அதற்கும் தூக்கம் கெட்டது, அதுவும் தோட்டத்து நிலத்தில்தான் நடந்தது. எரிந்த கட்சியின் குற்றச்சாட்டுப் பாதி என் கூத்துக்கும் பொருந்தும்.

ஆனால் அந்த நாட்களை நான் ஒருபோதும் எரிந்த கணக்கில் எழுதியதில்லை. ஏன் என்று யோசித்தேன். மூன்று காரணம் தெரிந்தது.

கூத்துக்கு நாள் இருந்தது. பிறை பார்த்துக் கம்பம் ஊன்றினார்கள், பௌர்ணமியை ஒட்டி எரித்தார்கள், மூன்றாம் நாள் மதனை எழுப்பினார்கள், காப்பை அவிழ்த்தார்கள். ரதியாகவே இருந்துவிட நான் ஆசைப்பட்டிருந்தாலும் முடியாது. இணைய விளையாட்டில் அமாவாசையும் இல்லை, பௌர்ணமியும் இல்லை. முடிவு வந்தால் சந்தா நின்றுபோகும், அதனால் முடிவை வைக்கவே மாட்டார்கள்.

அடுத்தது, கூத்தில் நான் இல்லாவிட்டால் தேடினார்கள். ஒருநாள் காய்ச்சலில் படுத்தேன், கூத்து மாஸ்டர் கசாயத்தோடு காம்பிராவுக்கே வந்தார். ஸ்டார்லைட் குழுவும் இபெலினைத் தேடியது. மருமகனிடம் கேட்டேன், “நீ ஒரு கிழமை போகாட்டி யார்ரா தேடுவா?” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு ரெண்டு பெயர் சொன்னான். ஒருத்தன் மலேசியா, ஒருத்தன் பிரேசில். அந்தப் பிரேசில்காரனோடு பேசிப் பேசித்தான் தன் இங்கிலீஷ் வந்தது என்றான். டியூஷன் காசு கொடுத்தும் வராத இங்கிலீஷ்.

மூன்றாவது, வேஷம் கலைந்த பிறகு கையில் மிஞ்சியது. எனக்கு மிஞ்சியது அந்த ஒப்பாரி. இருபது வயசு ஆம்பிளைக்கு ஒரு விதவையின் துக்கம் எப்படி இருக்கும் என்று தெரியவந்தது. 92 ஆவது படி போனை மூடியதும் மிஞ்சாது. பிரேசில்காரனோடு பழகிய இங்கிலீஷ் மிஞ்சும்.

பௌர்ணமிக்கு மறுநாள் மருமகனிடம் என் முடிவைச் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். நாள் குறித்து ஆடினால் அந்த விளையாட்டு ஆடத் தகுந்தது, குறிக்காமல் ஆடினால் தகாது. அவர்கள் வைக்காத பௌர்ணமியை நீதான் வைக்க வேண்டும். பரீட்சை முடிவு வரும் வரைக்கும் என்று கம்பம் ஊன்று, அந்த நாளில் காப்பை அவிழ். மறு வருஷம் மாசி வரும், மறுபடி கட்டிக்கொள்ளலாம். ரீலோட் காசுக்கு ஒரு வரம்பு வை, அதற்கு மேல் அம்மாவின் கொழுந்துக் காசைத் தொடாதே. படிக்காக ஆடாதே, ஆளுக்காக ஆடு. அந்த ரெண்டு பேருடைய முகவரியை விளையாட்டுக்கு வெளியேயும் வாங்கி வை, ஏனென்றால் பொட்டல் கம்பெனியினுடையது, சிநேகிதம் உன்னுடையது.

“அடிமையா ஆயிட்டேனா இல்லையான்னு எனக்கே எப்பிடி மாமா தெரியும்?” என்று கேட்டான்.

அதற்கு நான் சொன்னதோடு முடிக்கிறேன். என் சின்ன வயசில் எங்கள் தோட்டத்தில் விடியற்காலம் ஆட்களை எழுப்பத் தப்பு அடிப்பார்கள், பெரட்டுக்கு. மாசி ராத்திரியில் கூத்துக்கு அடித்ததும் அதே தப்பு. அதே மனுஷன், நெருப்பில் வாட்டிய அதே தோல். அடி மட்டும் வேறு. ராத்திரி அடி கேட்டால் கால் தானாக எழும்பும். காலை அடி கேட்டால் பேர் போய்விடுமே என்ற பயம் எழுப்பும். தூக்கத்திலும் எங்களுக்கு வித்தியாசம் தெரியும். “நாளைக்கு ராத்திரி போனை எடுக்கிறப்ப உத்துக் கேளுடா, உன் காதில எந்த அடி விழுதுன்னு” என்றேன்.

பதில் சொல்லவில்லை. போனைக் கம்பளிக்குள் வைத்துவிட்டு, “நீங்க ரதி வேஷத்தை எப்ப மாமா கலைச்சீங்க?” என்று கேட்டான். விடியற்காலம் பீலித் தண்ணியில், தேங்காயெண்ணெய் தேய்த்து, என்றேன். பெரட்டுக்குப் போக இன்னும் அரை மணி நேரம் இருந்தது. கண் மை மட்டும் சரியாகப் போகவில்லை. அந்த மையோடுதான் அன்றைக்கு மலைக்கு ஏறினேன்.